நாற்பது மணி நேரத் தூள்

2014ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பதினெட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை. சேலத்தில் விடிந்ததிலிருந்து தூறல் விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. சேர்வராயன் மலை மேகத்துக்குள் முழுவதும் மறைந்திருந்தது. காற்று அசையவில்லை.

காலை பத்து மணிக்குக் கனிம ஆய்வுக்கூடத்தின் படிகளில் ஏறிய அருளப்பனின் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. ஆய்விலிருந்து விலகிக்கொள்வதாக எழுதிய கடிதம், நான்கே வரி. மழையில் நனையாமல் இருக்கட்டும் என்று அவருடைய மனைவி செலின் அதை ஒரு பாலித்தீன் உறையில் போட்டுக் கொடுத்திருந்தார்.

“இன்னைக்காவது குடுத்துடுவீங்களா? இல்ல, துணி துவைக்கறப்ப நான்தான் பையிலருந்து எடுக்கணுமா?” என்று வீட்டு வாசலில் கேட்டிருந்தார்.

“குடுத்துடறேன்.”

“மூணு வாரமா இதையேதான் சொல்றீங்க. வெள்ளிக்கிழமைக்கு மேல அவங்க காத்திருக்க மாட்டாங்களாம்.”

அவர்கள் என்றது, அவரைப் பழைய வேலைக்கே திரும்ப அழைத்திருந்த உலைச்செங்கல் ஆலைக்காரர்களை. அங்கே அருளப்பன் பத்தொன்பது ஆண்டுகள் வேதியியலராக இருந்தார். ஒரே மலையின் தாது, ஒரே உலை. ஆயினும் அரவை நீண்டுபோன நாள்களில் செங்கல் வேறாக வந்தது. ஏன் என்று கேட்டார். ஆலையில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த ஒரு கேள்விக்காக நாற்பத்தோராம் வயதில் வேலையை விட்டுவிட்டு, இங்கே ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். இப்போது அவருக்கு வயது நாற்பத்தேழு. அவருடைய பேராசிரியை தையல்நாயகி அவரைவிட ஐந்து வயது இளையவர்.

தையல்நாயகியின் அறைச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு வரைபடம் தொங்கியது. இருபத்தாறாம் வயதில் அவர் வரைந்தது. அவருக்குப் பெயர் வாங்கித் தந்ததும் அதுவே. அலுமினியத் தாதுவை அரைக்க அரைக்கத் துகள் சிறுத்துக்கொண்டே போகும் என்று அது காட்டியது. இருபது மணி நேரம் வரை அழுத்தமான கோடு. அதற்கு அப்பால் புள்ளிக்கோடு.

அருளப்பன் உள்ளே வந்தபோது மூலையில் அரவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கலத்துக்குள் கல்குண்டுகள் உருளும் ஓசை ஆறாண்டுகளாக அவருக்குப் பழக்கம்.

“சொல்லுங்க, துகள் அளவு. இருபது மணி நேரத்துக்கு?” என்றார் தையல்நாயகி.

“நாலு மைக்ரான் மேடம்.”

“முப்பதுக்கு?”

“ஏழு.”

“நாப்பதுக்கு?”

அருளப்பன் தம் ஆய்வு நோட்டைத் திறந்து அவர் முன்னால் நீட்டினார்.

“பதினொண்ணு.”

தையல்நாயகி கையிலிருந்த சிவப்புப் பேனாவை மூடாமலே நிமிர்ந்தார்.

“நாலு மைக்ரான் தூளை இன்னொரு இருபது மணி நேரம் அரைச்சுப் பதினொண்ணா வளத்திருக்கீங்க. அது மில்லா, கோழிப் பண்ணையா?”

“தெரியலீங்க மேடம்.”

“இது எத்தனாவது தடவை?”

“ஒம்பதாவது.”

“தூளைச் சரியாக் காய வைக்கல. இல்லேன்னா கலத்தைச் சரியாக் கழுவல. பத்தாவது தடவை போடுங்க. இந்த முறை அம்பது மணி நேரம்.”

“போட்டுட்டேன் மேடம். அதான் ஓடுது.”

“நல்லது.”

நோட்டில் அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இழுத்து, கீழே ‘தவறு’ என்று எழுதினார். நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

“வேற ஏதாவது சொல்லணுமா?”

அருளப்பனின் கை சட்டைப்பைக்குப் போயிற்று. பாலித்தீன் உறை மெல்லச் சரசரத்தது.

அந்த நேரத்தில் கதவைத் தட்டாமல் பஷீர் தலையை நீட்டினார். எக்ஸ்ரே அறை அவருடைய பொறுப்பில் இருந்தது.

“மேடம், மன்னிக்கணும். அருளப்பண்ணனைக் கொஞ்சம் அனுப்பறீங்களா? ஒரு ஸ்டூல் தூக்கணும்.”

நடைக்கூடத்துக்கு வந்ததும் பஷீர் குரலைத் தாழ்த்தினார்.

“ஸ்டூலும் இல்ல, ஒண்ணும் இல்ல. அண்ணே, நான் ஒரு திருட்டு வேலை பண்ணிட்டேன்.”

“என்ன பண்ணினீங்க?”

“மெஷினுக்குப் புது டியூப் போட்டாங்கல்ல? சோதிச்சுப் பாக்க ஏதாவது தூள் வேணும். உங்க தள்ளுபடி அலமாரியிலருந்து அஞ்சு குப்பி எடுத்துட்டேன். குப்பைக்குப் போறதுதானேன்னு.”

அருளப்பன் நின்றுவிட்டார். எக்ஸ்ரே அறையின் கதவில் தையல்நாயகியின் கையெழுத்தில் ஒரு வரி ஒட்டியிருந்தது: ‘அளவு தேறாத தூள் உள்ளே வராது.’ துகளின் அளவு சரியென்று அவர் ஒப்பமிட்ட பிறகே எதுவும் அந்தக் கதவைத் தாண்டும். அந்த ஆய்வுக்கூடத்தின் மாறாத வழக்கம் அது.

“மேடத்துக்குத் தெரிஞ்சா?”

“தெரியக் கூடாதுன்னுதான் ஸ்டூல் தூக்க வெச்சேன். ஆனா இதைப் பாத்தா, தெரியாம இருக்காது போலிருக்கு. வாங்க.”

மேசைமேல் ஐந்து தாள்கள் வரிசையாகக் கிடந்தன.

தாதுவின் உள்ளே அணுக்கள் அடுக்கடுக்காக ஒழுங்கோடு அமர்ந்திருந்தால், எக்ஸ்ரே குறிப்பிட்ட கோணங்களில் மட்டும் திரும்பி வரும். தாளில் அந்தந்த இடத்தில் முகடு எழும். எந்தத் தாதுவுக்கு எங்கே முகடு என்பது மனிதரின் கைரேகை போன்றது. ஒன்றுக்கு உரியது மற்றொன்றுக்கு இராது.

முதல் தாள் அரைக்காத தூளினுடையது. முகடுகள் கோபுரங்களைப்போல நின்றன. பத்து மணி நேரத் தாளில் அவை பாதியாகத் தாழ்ந்திருந்தன. இருபதில் முழங்கால் உயரம். முப்பதில் ஒன்றிரண்டு தழும்புகள்.

நாற்பது மணி நேரத் தாளில் ஒன்றுமே இல்லை. ஊற்றிய மாவு பரவியதுபோல ஒரு மெல்லிய மேடு. அவ்வளவுதான். தாள் சொல்வது மெய்யானால் தூளின் உள்ளே ஒழுங்கே இல்லை.

அருளப்பன் அந்தத் தாளைக் கையிலெடுத்துத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

“காலித் தட்டை வெச்சிருப்பீங்க, பஷீர்.”

“நானும் அப்படித்தான் நினைச்சேன். தட்டுல தூள் இருக்கு.”

“அப்ப நான்தான் குப்பியை மாத்தி வெச்சிருப்பேன்.”

“அஞ்சையும் ரெண்டு தடவை பாத்துட்டேன். நடுவுல குவார்ட்ஸ் கல்தூள் வெச்சுப் பாத்தேன். அதோட முகடு ஊசி மாதிரி நிக்குது. மெஷின் மேல தப்பில்ல.”

“அப்ப என் தப்புதான். கலத்துல ஏதாவது கலந்திருக்கும்.”

பஷீர் வெளியே கையைக் காட்டினார்.

“ஏண்ணே, வெளியில மழை பெய்யுதே, அதுவும் நீங்க பண்ணின தப்புதானா?”

அருளப்பன் சிரிக்கவில்லை. அருகிலிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். ஒன்பது முறை அரைத்தது, ஒன்பது முறை பெற்ற சிவப்புக் கோடு, ஒன்பது முறை கலத்தைக் கழுவிக் கழுவிக் கைத்தோல் உரிந்தது. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. ஒன்பதும் சரியாகவே இருந்திருக்கின்றன.

“யார் கையெழுத்துல இது ஓடுச்சு?”

வாசலில் தையல்நாயகி நின்றுகொண்டிருந்தார்.

“யார் கையெழுத்தும் இல்லீங்க மேடம்,” என்றார் பஷீர். “வேலை போனாலும் பரவாயில்ல. முதல்ல இதைப் பாத்துட்டு அப்புறம் திட்டுங்க.”

தையல்நாயகி வந்தார். முதல் தாளைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். ஐந்தாவது தாளை எட்டியபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார்.

“டியூப் கோளாறு.”

“குவார்ட்ஸ் நிக்குதுங்களே மேடம்.”

தையல்நாயகி மேசைப் பக்கம் திரும்பினார். நாற்பது மணி நேரக் குப்பியையும் அரைக்காத தூளின் குப்பியையும் எடுத்துக்கொண்டு தம் அறைக்கு நடந்தார். மற்ற இருவரும் பின்னால் போயினர்.

இரண்டு பீக்கர்களில் அவரே காஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றினார். உள்ளே ஒழுங்கு குலைந்த தாது அதில் சட்டென்று கரையும்; குலையாதது கரைய நெடுநேரமாகும். எழுபது டிகிரிக்குச் சூடாக்கினார். தூளை அவரே நிறுத்தார். ஒன்றில் அரைக்காத தூள், மற்றொன்றில் நாற்பது மணி நேரத் தூள். இரண்டும் ஒரே எடை. போட்டுக் கலக்கினார். இரண்டும் பால்போல வெளுத்தன.

மூவரும் பார்த்துக்கொண்டு நின்றனர். மூலையில் அரவை இயந்திரம் உருண்டுகொண்டிருந்தது.

ஐந்து நிமிடம் கழிந்தது. முதல் பீக்கரில் வெண்மை வெண்மையாகவே இருந்தது. கலக்குவதை நிறுத்தியவுடன் தூள் மெல்ல அடியில் படிந்தது. இரண்டாவது பீக்கரின் வழியாகச் சுவர்க் கடிகாரத்தின் முள் தெரிந்தது. பத்தாம் நிமிடத்தில் அதனுள் தெளிந்த நீரைத் தவிர வேறொன்றும் இல்லை.

“இதுல தூள் போட மறந்துட்டேனோ மேடம்?” என்றார் அருளப்பன்.

“நீங்க எங்க போட்டீங்க? நான்தானே போட்டேன்.”

தையல்நாயகியின் குரல் அவருக்கே கேட்டிராது. கண்ணாடிக் கோலை அந்தப் பீக்கருக்குள் விட்டு அடியைத் தடவினார். விழுந்த தோட்டைக் கிணற்றுக்குள் துழாவுகிறவரைப்போல மூலை மூலையாகத் தடவினார். கோலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்பக்கமாகக் கையால் தேடி, உட்கார்ந்தார்.

பஷீர் ஓசைப்படாமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறினார்.

“அப்ப அந்தப் பதினொண்ணு மைக்ரான்?”

“அது ஒரு துகள் இல்லீங்க மேடம். உள்ளே ஒழுங்கு குலையக் குலையத் தூள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. சின்னச் சின்னதா நூறு சேந்து ஒரு கட்டி. அளவு பாக்கற மெஷின் அந்தக் கட்டியை ஒண்ணுன்னு எண்ணுது. அதான் அளவு பெருசாக் காட்டுது.”

“இது உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“ஜூலையில.”

“ஜூலையிலயா!”

“மைக்ராஸ்கோப்புல பாத்தேன். நோட்டுல எழுதினேன். நீங்க அடிச்சுட்டீங்க.”

“அடிச்சா என்ன? திருப்பிச் சொல்லியிருக்கலாமே. சண்டை போட்டிருக்கலாமே.”

அருளப்பன் நேர்மையாக யோசித்துப் பார்த்தார்.

“ஆகஸ்டுக்கு அப்புறம் நானே தப்பாத்தான் பாத்திருப்பேன்னு தோணிடுச்சு மேடம்.”

மழை சற்று வலுத்தது. தையல்நாயகி சுவரிலிருந்த சட்டத்தைப் பார்த்தார்.

“அந்தக் கோடு பாதிக்கு மேல ஏன் புள்ளியா இருக்குன்னு என்னைக்காவது கேட்டிருக்கீங்களா?”

“முதல் வருஷம் கேட்டேன்.”

“நான் என்ன சொன்னேன்?”

“‘வேலையைப் பாருங்க’ன்னீங்க.”

“இருபதாவது மணியில மில்லோட பெல்ட் அறுந்துபோச்சு. புது பெல்ட் வர ரெண்டு மாசம் ஆகும்னாங்க. அடுத்த வாரம் கருத்தரங்கு. மிச்சத்தை ஸ்கேல் வெச்சுப் போட்டேன்.”

அருளப்பனும் சட்டத்தைப் பார்த்தார்.

“பதினாறு வருஷம் ஆச்சு. அது ஸ்கேல் வெச்சுப் போட்டதுங்கறதே எனக்கு மறந்துபோச்சு.”

அரவை இயந்திரம் உருண்டது. அந்த ஓசைக்கு நடுவில் அருளப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மேடம், ஒரு கேள்வி.”

தையல்நாயகி சட்டென்று திரும்பினார். அருளப்பன் அவரிடம் கேள்வி கேட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

“வெளியில அளவு மட்டும்தான் தெரியுது. நாலு, ஏழு, பதினொண்ணு. உள்ளே எப்ப உடைய ஆரம்பிச்சுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?”

தையல்நாயகி எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். அருளப்பனின் பழைய ஆய்வு நோட்டுகள் ஐந்தையும் எடுத்து வந்தார். அவர் கையிலிருந்த ஆறாவதையும் வாங்கிக்கொண்டார். ஆண்டு வரிசையில் நீண்ட மேசைமேல் ஒவ்வொன்றாகத் திறந்து வைத்தார்.

முதல் நோட்டில் சிவப்பு மையும் பென்சிலும் சரிக்குச் சரியாக மோதிக்கொண்டிருந்தன. ‘தவறு’ என்ற சிவப்பின் கீழே பென்சிலில், ‘இல்லை. மறுபடி பாருங்கள்.’ ‘அளவை பிழை’ என்றதன் கீழே, ‘அளவை சரி. உங்கள் கணக்கில் பிழை.’ ஓரிடத்தில் அருளப்பன் பக்கம் முழுவதும் எழுதி, இடம் போதாமல் ஓரத்தில் செங்குத்தாகவும் எழுதியிருந்தார்.

இரண்டாவது நோட்டில் பென்சில் வரிகள் குறுகியிருந்தன.

மூன்றாவதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, ‘யோசிக்க வேண்டும்.’

நான்காவதில், ‘சரி.’

ஐந்தாவதில் ‘சரி’ என்பதன் பென்சில் அழுத்தமும் போய்விட்டிருந்தது. உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது.

ஆறாவது நோட்டில் சிவப்பு மட்டும் இருந்தது.

அருளப்பன் மேசையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்து பார்த்தார். மறுபடியும் தொடக்கத்துக்கு வந்து, முதல் நோட்டின் பென்சில் எழுத்தைக் குனிந்து படித்தார். அது யாருடைய கையெழுத்து என்று ஒரு கணம் அவருக்கு விளங்கவில்லை.

“இதுக்கு அப்புறம் ஒண்ணு இருக்கணுமே,” என்றார் தையல்நாயகி, அவருடைய சட்டைப்பையைப் பார்த்து.

அருளப்பன் சட்டைப்பையிலிருந்து பாலித்தீன் உறையை எடுத்தார். ஆறாவது நோட்டுக்குப் பக்கத்தில், வரிசை கோணாமல் வைத்தார்.

தையல்நாயகி உறையின் வழியாகவே அந்த நான்கு வரிகளையும் படித்தார். குறையில்லாத, பணிவான வரிகள். சொந்தக் காரணங்களால் விலகுவதாகவும், இதுவரை வழிகாட்டியமைக்கு நன்றி என்றும் இருந்தது. பழக்கத்தினால் அவருடைய கை சிவப்புப் பேனாவைத் தொட்டது. தொட்ட கை அப்படியே நின்றது.

பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு மூலைக்குப் போனார். அரவை இயந்திரத்தின் விசையை அழுத்தினார். குண்டுகள் இரண்டு முறை புரண்டு அடங்கின. ஓட்டுச் சார்ப்பில் விழும் தூறலின் ஒலி அப்போதுதான் அறைக்குள் கேட்டது.

“எந்த நோட்டுல உடைய ஆரம்பிச்சுதுன்னு எனக்குத் தெரியல, அருளப்பன். நான் அளவு மட்டும்தான் பாத்துட்டிருந்தேன்.”



அன்று அருளப்பன் கடிதத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளும்படி தையல்நாயகி சொல்லவும் இல்லை. வெள்ளிக்கிழமை அவர் ஆலைக்கும் போகவில்லை, ஆய்வுக்கூடத்துக்கும் வரவில்லை. செலினின் பிறந்த ஊருக்கு அவரோடு போய் இரண்டு மாதங்கள் இருந்தார். ஆலையில் அந்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டனர். பஷீரிடம், ஒப்பமின்றி இயந்திரத்தை இயக்கியதற்கு அலுவலகம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டது. ‘புது டியூப்பைச் சோதித்தேன், நன்றாக வேலை செய்கிறது’ என்று அவர் ஒரே வரியில் எழுதிக் கொடுத்தார். எக்ஸ்ரே அறைக் கதவிலிருந்த தாளைத் தையல்நாயகியே கிழித்தார். தம் வரைபடத்தின் பிற்பாதி அளந்து வரைந்ததன்று என்று, அதை வெளியிட்ட ஆய்விதழுக்கும் எழுதினார்.

நாற்பது மணி நேரத் தூளில் எஞ்சியிருந்ததை அவர் ஒரு குப்பியில் நீர் ஊற்றி மூடி வைத்திருந்தார். ஜனவரி பத்தொன்பதாம் நாள் அருளப்பன் திரும்பி வந்தார். அன்று அந்தக் குப்பியை எக்ஸ்ரேயில் பார்த்தனர். தாளில் முகடுகள் சில, தாழ்வாக, எழுந்திருந்தன.

தையல்நாயகி ஏழாவது நோட்டின் முதல் பக்கத்தில், ‘பழைய தாது மீண்டு வந்தது’ என்று எழுதினார்.

மறுநாள் அதன் கீழே பென்சிலில் இப்படி இருந்தது: ‘இல்லை. முகடுகளின் இடம் வேறு. இது புதிய தாது. மறுபடி பாருங்கள்.’

தையல்நாயகி மறுபடி பார்த்தார்.